அறுநூற்றுப் பன்னிரண்டு

எந்தக் கடிகாரம் வந்தாலும் முதலில் அதன் பேட்டரியைக் கழற்றிவிடுவது புஹாரியின் வழக்கம். சாவி கொடுக்கும் கடிகாரங்கள் குறைந்து, சட்டைப் பொத்தான் அளவான பேட்டரியில் ஓடுபவை பதுளைக்கு வரத் தொடங்கிய ஐந்தாறு ஆண்டுகளில் அவர் தாமாகக் கற்றுக்கொண்ட பாடம் அது. செத்த பேட்டரி உள்ளே கிடந்தால் பச்சையாகக் கசிந்து தகட்டைத் தின்றுவிடும். ஆகவே காலையில் கடையைத் திறந்து, பிஸ்மி சொல்லி அமர்ந்ததும், முந்திய நாள் வந்தவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முதுகையும் திறந்து பேட்டரியை எடுத்து ஒரு பீங்கான் தட்டில் போடுவார். அதற்கு மனம் தேவையில்லை, கை போதும். மனம் அந்நேரத்தில் பக்கத்துச் சுவரில் நிலைத்திருக்கும். பக்கத்திலிருந்த தமிழரின் துணிக்கடை அந்த ஆண்டு, எண்பத்து மூன்றில், நடந்த ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனது. ஐப்பசி மழை மூன்று வாரங்களாகப் பெய்தும் சுவரின் கரி தீரவில்லை; அது கரைந்து இவர் கடைவாசல் வரை கோடாக வழிந்துகொண்டிருந்தது.

அந்த மழையில்தான் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து ரெங்கம்மா வந்தாள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தாள். உள்ளங்கையளவு ஒரு வெள்ளிநிறப் பெட்டி. நடுவில் கண்ணாடி, இருபுறமும் சிவப்புப் பொத்தான்கள்.

“இதென்ன தங்கச்சி, கணக்குப் பாக்குற மெசினா?” என்றார் புஹாரி.

“வெளயாட்டுச் சாமானுங்க நானா. மகன் மாடசாமி சித்திரைக்கு வந்தப்ப கொண்டாந்தான். கொழும்புல யாரோ கப்பல்காரன்கிட்ட வாங்குனானாம். மூணு நாளு சோறு தண்ணி இல்லாம இதையே நோண்டிக்கிட்டிருந்தான். ‘என்னடா, பேன் பாக்குற மாதிரி உக்காந்திருக்க’ன்னு ஏசுனேன்.” அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை அவசரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். “வெளயாட்டு எனக்கு வேணாங்க. இந்தப் பொத்தான அமுக்குனா ஒரு நம்பர் வரும் பாருங்க. அது அவன் எடுத்தது. இப்ப மங்கிக்கிட்டே வருது. அது மட்டும் போயிரக் கூடாது.”

புஹாரி அழுத்திப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கினால் மட்டுமே தெரியும்படி, 612.

“ஆடியிலருந்து ஒரு கடுதாசியும் இல்ல. அவன் வேலை செஞ்ச கடையும் எரிஞ்சிருச்சுங்கிறாங்க. அண்ணன் கருமாதி பண்ணிரலாங்கிறாரு. நான் சொல்லிட்டேன், இந்த நம்பர் இருக்கிற வரைக்கும் எம்மகன் இருக்கான், இது போற அன்னைக்குப் பண்ணிக்கலாம்னு.”

“ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. வேற பேட்டரியொண்ட வயர்ல தொடுத்து வெச்சிட்டுத்தான் பழசக் கழட்டுவேன். நம்பர் எங்கயும் போகாது. ஞாயித்துக்கெழம வாங்க.”

அவர் சொன்னது மெய். அப்படிச் செய்யவும் அவருக்குத் தெரியும். ஆனால் மறுநாட்காலை, வழக்கம்போலக் கடிகாரங்களை வரிசைப்படுத்தி, வழக்கம்போலக் கரிச்சுவரில் கண் நிற்க, கை தன் வேலையைச் செய்துகொண்டே போயிற்று. ஐந்தாவது பேட்டரி பீங்கான் தட்டில் விழுந்தபோது ஓசை சற்றே வேறாகக் கேட்டது. குனிந்து பார்த்தார்; கையில் முதுகு திறந்து கிடந்தது ரெங்கம்மாவின் வெள்ளிநிறப் பெட்டி. புதிய பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். பளிச்சென்று, தெளிவாக, ஒரு பூச்சியம் தெரிந்தது.

அன்றே தெமோதரைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் இருந்தது, வாய்தான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெங்கம்மா வந்தபோது, “வயர் கொழும்புல இருந்து வரணும் தங்கச்சி. நம்பர் பத்திரமா ஈக்குது” என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அன்று முழுவதும் மேசைமேல் கிடந்தது போலிருந்தது.

இழந்த எண்ணைத் தாமே எடுத்துப் போட்டுவிடுவது என்று அதன் பிறகுதான் முடிவு செய்தார். ஆட்டம் எளியது. வெள்ளத்தில் மூழ்கும் ஒரு வீடு. அதன் கூரையிலிருந்து எறும்பளவு மனிதர்கள் குதிப்பார்கள். கீழே ஒரு தோணி. சிவப்புப் பொத்தான்களால் அதை அங்குமிங்கும் நகர்த்தி அவர்களைத் தாங்க வேண்டும். தாங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கூடும். தவறியவனின் தொப்பி மட்டும் மூலையில் மிதக்கும். மூன்றாவது தொப்பி மிதந்தால் ஆட்டம் முடிந்தது. ‘டிக், டிக்’ என்ற ஒலி நேரம் செல்லச் செல்ல நெருங்கும். பின்னால் யாரோ நடந்து வந்தவர் ஓடத் தொடங்கியதுபோல.

அதை விளங்கிக்கொண்ட மாத்திரத்தில் புஹாரி விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். 612 என்பது அந்தப் பையன் காப்பாற்றிய ஆட்களின் தொகை. அவன் தாய்க்கு அது தெரியாது.

முதல் நாள் பதினேழு பேர். ஒரு வாரத்தில் இருநூறு. பகலுணவு ஆறிப்போனது, கடிகாரங்கள் நின்றபடியே கிடந்தன. ஐம்பத்தெட்டு வயதில் தம்மைப் பிடித்துக்கொண்டது எது என்று அவர் யோசித்துப் பார்த்தார். அந்தப் பெட்டி யாரையும் வஞ்சிக்கவில்லை. ஒருவன் மூழ்கினால் அது அவர் விரலின் பிழை. அரை நொடி முந்தியிருந்தால் பிழைத்திருப்பான். தெருவில் நடந்தவற்றுக்கு ஏன், எதனால் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. இங்கே விடை கண்ணெதிரே இருந்தது. அடுத்த முறை சரியாகச் செய்யலாம். அடுத்த முறை என்று ஒன்று எப்போதும் இருந்தது.

பதினாறாம் நாள் 612ஐ எட்டினார். இனி மூன்று பேரை விட்டுவிட்டால் எண் அப்படியே நிற்கும். பெட்டியோ மிக உயர்ந்த தொகையை மட்டுமே நினைவில் வைப்பது. ஒன்று கூடினாலும் பேட்டரியைக் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவன் குதித்தான். விரல் அசையாதிருக்க வேண்டும். அசைந்தது. 613. இன்னொருவன், அவனையும் தாங்கியது. 640 வரை போன பிறகே கை களைத்து நின்றது.

குயவன் ஒருவன் களிமண்ணால் ஒரு மான்குட்டி செய்து முற்றத்தில் காய வைத்தானாம். மழை வந்தது. ஓடிப்போய்த் தன் குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து நின்றானாம். ‘மண்தானே?’ என்று கேட்டவர்களுக்கு, ‘அது இப்போதுதான் காது முளைத்து நிற்கிறது’ என்றானாம். புஹாரியின் நிலையும் அதுவே ஆயிற்று. இரண்டு முறை எட்டினார்; இரண்டு முறையும் கை கேட்கவில்லை.

“இதென்ன பைத்தியமா உங்களுக்கு?” என்றாள் மனைவி ஸுபைரா. “அதுகள் மனுசரா?”

“மனுசரில்ல எண்டு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியுதில்லயே.”

மறுமுறை 612 வந்தபோது ஸுபைரா அவருடைய இரு மணிக்கட்டுகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மூன்று தொப்பிகள் மிதந்தன. ஒலி நின்றது. பிடியை விட்ட பிறகு அவள் முந்தானையால் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வந்த ரெங்கம்மா பொத்தானை அழுத்திப் பார்த்தாள். கறுப்பாக, உரமாக, 612. பெட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“எம்புட்டுத் தெளிவா இருக்கான் பாருங்க! நாளைக்கே கொழும்புக்குக் கெளம்புறேன் நானா. அண்ணன் கத்துனாக் கத்தட்டும்.”

“தனியாவா? சிங்களம் தெரியுமா உங்களுக்கு? அங்க இன்னும் அடங்கல்லயே.”

“எனக்கென்ன பயம்? அவன் இருக்கான்னு இதுவே சொல்லிருச்சே.”

அவள் பொட்டலத்தைக் கட்டத் தொடங்கினாள். புஹாரியின் கை, அவரைக் கேளாமலே நீண்டு, அந்த முடிச்சின்மேல் படிந்தது.

“தங்கச்சி, இது மகன்ட நம்பரில்ல. கொண்டு வந்த அடுத்த நாளே, யோசனையில்லாம பேட்டரியக் கழட்டிட்டேன். போயிட்டுது. இது நான் வெளயாடி எடுத்தது. உங்களுக்குப் பொய் செல்லிட்டேன்.”

 ரெங்கம்மா முடிச்சை அவிழ்த்து, துணியை மட்டும் எடுத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அப்ப இது உங்க நம்பரு. நீங்களே வச்சுக்கங்க.”

“நாளைக்குக் காலம்புற ரயில்ல நான் போறேன்,” என்றார் புஹாரி, அவள் முதுகைப் பார்த்து. “எனக்குச் சிங்களம் தெரியும். மச்சான் ஷுக்ரி கொழும்புல ஈக்கான். ஆசுபத்திரி, அகதி முகாம், எல்லா எடத்துலயும் கேக்குறேன். நீங்க போக வேணாம். மகன்ட படமொண்டு இருந்தா தெமோதர ஸ்டேசனுக்குக் கொண்டு வாங்க.”

 அவள் கரித்தண்ணீரைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.

மறுநாட்காலை கடைப்பலகைகள் திறக்கப்படவில்லை. ரயில் பெட்டியில் ஏழெட்டுப் பேரே இருந்தார்கள்.  ஸுபைரா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதி மடியில் சூடாறிக்கொண்டிருந்தது. பதுளையிலிருந்து ஏறும் ரயில், தெமோதரை நிலையத்தின் அடியிலேயே ஒரு சுரங்கத்தில் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறிய பிறகுதான் மேடைக்கு வந்துசேரும். சுரங்கம் நெருங்கவே புஹாரி ஜன்னலை ஏற்றித் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார். மழைமூட்டத்துக்குள், மேடையின் விளிம்பில், கம்பளி போர்த்திய ஓர் உருவம் எதையோ நனையாமல் மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றது. யாரென்று தெரியவில்லை. அவர் கையசைத்தார். அது கீழே பார்க்கவில்லை. ரயில் வந்து ஏறும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நீளமாக ஊதியது. இருள் பெட்டி பெட்டியாக ரயிலை உள்ளே வாங்கிக்கொண்டது.