ஒரு புள்ளி அதிகம்

1

இந்தக் கதை ஒரு சுவரொட்டியில் பிறந்தது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: ‘மலைக்கோட்டையில் படி எடுக்கும் பயிலரங்கு. ஒரு நாள் மட்டும். அனைவரும் வருக.’

வார இதழ் ஆசிரியர் என்னிடம் கேட்டது கதையல்ல. “நாலு பக்கக் கட்டுரை, ரெண்டு போட்டோ, சனிக்கிழமைக்குள்ள” என்றார். நோட்டோடு மலை ஏறினேன். இறங்கும்போது என்னிடம் கட்டுரை இல்லை. கதைதான் வருகிறது என்று ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“கதையா? சரி. முடிவு இருக்கா?”

“வந்துக்கிட்டிருக்கு சார்.”

அது பொய். இப்போதே ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலை உண்மை, கோட்டை உண்மை, அங்கே வழுக்கும் பாறையும் உண்மை. ஆனால் இந்தக் கதையில் வரும் கல்வெட்டை எழுதியது நான். தண்ணீர் பாட்டிலும் தூரிகையும் எடுத்துக்கொண்டு தேடப் போகாதீர்கள். ஆட்களும் அப்படித்தான். பார்த்த முகம் ஒன்று, கேட்ட குரல் ஒன்று என்று நான் ஒட்டுப்போட்டு உண்டாக்கியவர்கள்.

2

முதல் தொடக்கம்: சிறுமலைப் பக்கமிருந்து புறப்பட்ட காற்று, கோட்டை மதிலில் மோதி, பீரங்கி மேடையைச் சுற்றிக்கொண்டு—

(நிறுத்திவிட்டேன். வாரப் பத்திரிகை வாசகர்கள் காற்றைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் படிப்பேன்.)

இரண்டாவது தொடக்கம்: ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே பாறையில் ஓர் உளி இறங்கியபோது—

(இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பில் ஐந்நூறு வருடம் பின்னால் போனால், திரும்பி வருவதற்குள் பக்கம் தீர்ந்துவிடும்.)

மூன்றாவதுதான் நிலைத்தது. அது கோட்டை வாசலில், காலை ஒன்பதே காலுக்கு, ஒரு சாக்குப் பையில் தொடங்குகிறது.

3

“பையில என்னண்ணே?” என்று கேட்டார் வாசல் காவலர் மதியழகன்.

“உளி, சுத்தியல், ரசமட்டம்.”

மதியழகன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “கோட்டைக்குள்ள உளியக் கொண்டு போறீங்களா?”

“பெறகு? பல்லாலயா படி எடுக்கச் சொல்றீக?” பையை வைத்திருந்தவர் பெயர் சேவியர். ஐம்பது வயது. கல்லில் எழுத்து வெட்டுகிறவர். “நோட்டீசு பாத்துத்தான வந்தேன். ஏறுற படியெல்லாம் தேஞ்சு வழுக்குது, புதுசா எடுக்கப் போறாக போலன்னு வந்தேன். எத்தன படி எடுக்கணும்? அதச் சொல்லுங்க மொதல்ல.”

“அண்ணே, இது அந்தப் படி இல்ல. கல்வெட்டு மேல காயிதத்த ஒட்டி, மையப் போட்டு, எழுத்த அப்படியே எடுப்பாங்கள்ல, அது. நகல்.”

“நகலா?”

“ஜெராக்ஸ் மாதிரி.”

“அப்ப ஜெராக்ஸுன்னு போட வேண்டியதுதான? தமிழ்ல போட்டு ஆளக் கொழப்புறீக.”

வரிசையில் நின்ற கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதியழகன் பையை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.*

* படி என்றால் ஏறலாம், அளக்கலாம், நகல் எடுக்கலாம். பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளையைப் பார்த்துக் கத்தவும் செய்யலாம். சேவியரைக் குறை சொல்வதற்கில்லை.

4

இங்கே எனக்கு சேவியர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

தவறாக வந்துவிட்ட மனிதர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். இவர் ஏன் கையை வீசிக்கொண்டு மலை ஏறுகிறார்? தொடர்கதைக்காரனுக்கு இதற்கு ஒரு பழக்கப்பட்ட பதில் உண்டு. யாரோ துரத்துகிறார்கள்.

துரத்துவது போலீஸ் என்று எழுதி அடித்தேன். சேவியருக்குப் போலீஸ் பொருந்தவில்லை. நிஜத்தில் துரத்தியது ரோசலின். குவைத்தில் நர்ஸ். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவாள். போன வருடம் இறந்த அம்மாவின் கல்லறையில், வருகிற கல்லறைத் திருநாளன்று கல் பதிக்க வேண்டும் என்பதற்காகவே லீவு எடுத்து வந்திருக்கிறாள். திருநாளுக்கு இன்னும் மூன்று நாள். திருநாள் முடிந்த மறுநாள் அவளுக்கு விமானம்.

கல் தயார். கறுப்புக் கல்லில் சிலுவை, தேதி, ஒரு வசனம் எல்லாம் ஒழுங்கு. பெயரில்தான் கோளாறு. அம்மாவின் பெயர் அமல மேரி. சேவியர் வெட்டியது ‘அமல் மேரி’.

ஒரு புள்ளி. மிளகு அளவுக் குழி.

புள்ளி விட்டுப்போயிருந்தால் ஒரு தட்டில் வைத்துவிடலாம். கூடுதலாக விழுந்த புள்ளியைக் கல்லிலிருந்து எடுக்க முடியாது. பசை வைத்து அடைத்தால் வெயிலில் திட்டாகத் தெரியும், இரண்டு மழையில் உதிரும். தேய்த்தால் எழுத்தெல்லாம் சேர்ந்து ஆழம் குறையும். அந்த மாதிரி வேறு கல் வர இரண்டு வாரம்.

இதற்குப் போய் ஒரு பெண் இவ்வளவு கோபப்படுவாளா? எனக்கே சந்தேகம் வந்து, அவளை விட்டே சொல்லவைத்தேன். முந்தின நாள் கடையில் நின்று அவள் சொன்னது இது:

“ரேஷன் கார்டுல இந்தப் புள்ளிய வச்சுட்டாங்கண்ணே. எடுக்கச் சொல்லி எங்கம்மா பதினோரு வருசம் தாலுகா ஆபீசுக்கு நடந்துச்சு. மூட்டு வலியோட. ‘அமலன்னா மாசில்லாதவள்னு அர்த்தம் சார், அமல்னா அமல்படுத்துறது, நான் என்ன சட்டமா’ன்னு ஒவ்வொரு ஆபீசர்கிட்டயும் சொல்லும். கடைசியாப் புதுக் கார்டுல எடுத்தாங்க. அத எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. அந்தப் புள்ளியத் தூக்கி நீங்க அது தலமாட்டுலயே வச்சிருக்கீங்க.”

“நீ குடுத்த காயிதத்தப் பாத்துத்தான் தாயி வெட்டுனேன்.”

“எம்மேல போடாதீங்க. நாளைக்கு வாரேன். ஒரு வழி சொல்லணும் நீங்க.”

அந்த நாளைதான் இந்த நாள். சேவியர் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதற்கும், படி எதுவும் எடுக்க வேண்டாம் என்று தெரிந்த பிறகும் மலை ஏறியதற்கும் காரணம் அவ்வளவுதான். ரோசலின் மலைக்கெல்லாம் வரமாட்டாள் என்று நினைத்தார்.

5

பயிலரங்கை நடத்தியவர் நஜ்முன்னிசா. கல்லூரி ஆசிரியை. பேகம்பூர்க்காரர். அண்ணன்மாருக்குத் தோல் வியாபாரம். மை ஒற்றுகிற பந்துக்கு மெல்லிய ஆட்டுத்தோல் அவர்கள் கொடுத்ததுதான். பஞ்சை உள்ளே திணித்து அவரே கட்டியிருந்தார்.

சுனைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் சரிந்து நின்ற பாறை முகத்தைக் காட்டினார். நாங்கள் பதினைந்து பேர் குனிந்து பார்த்தோம். பாறை தெரிந்தது.

“எழுத்து எங்க டீச்சர்?” என்றார் சேவியர்.

“இருக்கு அண்ணே. செத்த நேரம் பொறுங்க.”

தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். நனைந்த தாளை விரித்து ஒட்டினார்கள். தென்னை நார்த் தூரிகையால் நஜ்முன்னிசா அடிக்க ஆரம்பித்தார். தட், தட், தட். தாள் பாறையின் மேடு பள்ளத்துக்கெல்லாம் இறங்கிப் போய் ஒட்டிக்கொண்டது. தாள் பாதி காய்ந்ததும் மைப்பந்தை எடுத்து மெதுவாக ஒற்றினார். தாள் கறுத்தது. கறுக்கக் கறுக்க—

இந்த இடத்தை ஏழு முறை எழுதினேன். ‘எழுத்துக்கள் பூத்தன’ என்று ஒரு முறை. ‘பல்வரிசை போலச் சிரித்தன’ என்று ஒரு முறை, அதற்காக வெட்கப்படுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு வளைவு வந்தது. பக்கத்தில் ஒரு கோடு. பிறகு அது ஒரு ‘இ’. பதினைந்து பேரும் இன்னும் கிட்டே குனிந்தோம். சற்றுமுன் வெறும் பாறையாக இருந்த இடத்திலிருந்து யாரோ எங்களிடம் நான்கு வரி பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டுரை எழுத வந்தவன் என்பது மறந்துபோனது.

நஜ்முன்னிசா விரல் வைத்துப் படித்தார். யாரோ ஒருவர் ஊருக்காக இந்தச் சுனையை வெட்டுவித்த செய்தி.

சேவியர் மட்டும் செய்தியைக் கேட்கவில்லை. வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உளிய சாச்சுப் பிடிச்சிருக்கான். ஒரே ஆளு கை” என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி, “டீச்சர், புள்ளியே காணோமே?”

“பழைய கல்லுல அநேகமா வைக்க மாட்டாங்க அண்ணே. படிக்கிறவங்க புரிஞ்சுக்கணும்.”

“ஒண்ணு கூடவா இல்ல?”

“இதுல ஒண்ணு கூட இல்ல.”

சேவியர் பாறையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அந்தக் காலத்துல பொறந்திருக்கணும் டீச்சர் நானு” என்றார். கல்லூரிப் பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். காரணம் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

அவர் அடுத்துக் கேட்டதைத்தான் நான் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். “தப்பா வெட்டிட்டா அவுக என்ன பண்ணுவாக?”

நஜ்முன்னிசா இரண்டாவது வரியில் ஓர் இடத்தைத் தொட்டார். புள்ளியை நாமே வைத்துப் படித்தால் ‘இச்சுணை’. மூன்று சுழி. அதற்கு நேர் கீழே, இரண்டு வரிக்கும் இடையே கிடைத்த சந்தில், நகத்தளவில் இன்னோர் எழுத்து. னை. இரண்டு சுழி.

6

“மொதல்ல தப்பா விழுந்திருச்சு” என்றார் நஜ்முன்னிசா. “அழிக்கல. கீழ சரியான எழுத்த வெட்டிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டாங்க.”

ரெண்டு சுழியா மூணு சுழியா என்று நேற்றுகூட நான் அகராதியைப் புரட்டியிருக்கிறேன். அதே குழப்பம், அதே ஊரில், இந்தப் பாறையில். உளியை இறக்கிய பிறகு அந்த மனிதர் ‘அடடா’ என்று நாக்கைக் கடித்திருப்பார். ராஜா பெயரெல்லாம் மழையில் தேய்ந்துபோகிற கல்லில், அந்த அடடா அப்படியே இருக்கிறது. நான் கோட்டைகளைப் பார்த்து வியந்ததுண்டு. ஒரு பிழையைப் பார்த்து வாயடைத்து நின்றது இதுதான் முதல் தடவை.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

“கடையப் பூட்டிட்டு மல மேல என்னண்ணே பண்றீங்க?”

ரோசலின். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். மூச்சு வாங்கியது. (அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். மதியழகன். நாற்காலிக்கு அடியில் கிடந்த சாக்குப் பையில்தான் சேவியரின் போனும் இருந்தது. எடுக்காத போனுக்குப் பதில் சொல்ல இப்படியும் ஆள் உண்டு.)

“ஏழு தடவ அடிச்சேன். எடுக்கல.”

“கேக்கல தாயி.”

“பையில கெடந்து அடிச்சிருக்கு. கீழ அந்த வாட்ச்மேன் அண்ணன்தான் எடுத்தாரு. அவருக்குக் கேக்குது, ஒங்களுக்குக் கேக்கலயா?”

சேவியர் நகர்ந்து, அவளுக்குத் தாளைப் பார்க்க இடம் விட்டார். ‘ணை’யையும் ‘னை’யையும் காட்டினார். ரோசலின் குனிந்தாள். கோபமாகத்தான் குனிந்தாள்.

“இம்புட்டு வருசமா இப்படியேவா இருக்கு?”

“ஆமாம்மா” என்றார் நஜ்முன்னிசா.

“தப்பு யாரோடது? வெட்டுனவரா?”

“சொல்ல முடியாது. ஒருத்தர் எழுதிக் குடுப்பாங்க, இன்னொருத்தர் வெட்டுவாங்க. யாராயும் இருக்கலாம்.”

ரோசலின் தாளின் ஈர ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பாறையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“எழுதிக் குடுத்தவங்களாத்தான் இருக்கும்.”

சேவியர் திரும்பிப் பார்த்தார்.

“பொட்டியில ரெண்டு ஜெராக்ஸ் கெடந்துச்சுண்ணே. பழைய கார்டோடது ஒண்ணு, புதுசு ஒண்ணு. அவசரத்துல பழசத் தூக்கிக் குடுத்துட்டேன். நேத்து வீட்டுக்குப் போயித்தான் பாத்தேன். பதினோரு வருசமா எங்கம்மா எதோட சண்ட போட்டுச்சோ, அத நானே கொண்டாந்து ஒங்க கையில குடுத்திருக்கேன்.”

“பேரப் படிச்சுப் பாத்திருக்கணும்ல நானும்” என்றார் சேவியர். “பாக்காம அப்படியே வெட்டிட்டேன்.”

7

கதை இங்கே முடிவு கேட்கிறது. மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: சேவியர் கல்லைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு ஜெபமாலை வெட்டுகிறார். கூடுதல் புள்ளி அதில் ஒரு மணியாகக் கலந்துவிடுகிறது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். (ஆசிரியருக்கு இது பிடிக்கும். எழுதி முடித்துக் கடைசிப் பத்தியில் கிழித்தேன். புள்ளியை ஒளித்து வைப்பதற்கா இவர்கள் இவ்வளவு தூரம் மலை ஏறினார்கள்?)

இரண்டாவது முடிவு: ரோசலின் கல் வேண்டாம் என்கிறாள். இந்தத் திருநாளில் அம்மாவுக்கு வெறும் மண்ணும் மெழுகுவத்தியும் பூவும். இனி இரண்டு வருடம் கழித்து, சரியான பெயரோடு. (நியாயமான முடிவு. ஆனால் அவள் இல்லாத அந்த இரண்டு வருடமும் அங்கே பெயரே இருக்காது.)

மூன்றாவது: பாறையில் இருந்த மாதிரியே, ‘ல்’லுக்குக் கீழே சின்னதாக ஒரு ‘ல’. கல்லறைக்கு வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து, ‘இது என்ன?’ என்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள் சிரிக்கலாம். கேட்கிற ஒவ்வொருவருக்கும் அமல மேரியின் பதினோரு வருடத்தை யாராவது சொல்லவேண்டி வரும். (அதை அமல மேரி விரும்பியிருப்பாரா? அந்தப் புள்ளியை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளாத பெண் அவர்.)

இதை ரோசலினிடமும் விட்டுப் பார்த்தேன். “காலைல கடைக்கு வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

8

காலை. கடை. இரண்டு மரக்கட்டைகளின் மேல் கல் கிடக்கிறது. சேவியர் சாக்பீஸால் பெயருக்குக் கீழே ஒரு சின்ன ‘ல’ எழுதிக் காட்டியிருக்கிறார். ரோசலின் அதைப் பார்த்தாள். புறங்கையால் அழித்தாள். சிறிது நேரம் கழித்து, “மறுபடி எழுதுங்கண்ணே” என்றாள். அவர் எழுதினார். அவள் தள்ளி நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள்.

“இது விழுந்தா விழுந்ததுதான் தாயி. நல்லா யோசிச்சுக்க.”

“அம்மா என்ன சொல்லும்ணே?”

“எனக்குத் தெரியாது. ஒங்கம்மாவ எனக்கு ரேஷன் அட்டை ஜெராக்ஸ்ல பாத்த பழக்கந்தான்.”

ரோசலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சேவியர் உளியைச் சாக்பீஸ் கோட்டின் நுனியில் வைத்து, சுத்தியலை உயர்த்தினார்.

“வெட்டட்டுமா?”

அவள் வாயைத் திறக்கிறாள்.

இந்தக் கதையில் நான் எத்தனையோ வரிகளை எழுதி அடித்திருக்கிறேன். என்னுடையது தாள். அடிக்கலாம், கிழிக்கலாம், ஆசிரியர் கேட்டால் மாற்றியும் கொடுக்கலாம். அவள் இப்போது சொல்லப்போகிற சொல் அப்படியில்லை. அது கல்லில் போய் உட்கார்ந்துவிடும். அவ்வளவு பெரிய ஒரு சொல்லை எழுதுகிற தைரியம் என்னிடம் இல்லை. அதனால் பேனாவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் குரலில், அவள் அம்மாவை நினைத்துக்கொண்டு, நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. சேவியர் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறார். கை வலிக்கும்.