ஆடாத சமையல் மேடை

அம்மா, இதை அப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டிடாத. பாதியிலேயே "வேலை போச்சா?"ன்னு கேப்பாரு. போகல. இன்னும் போகல.

நான் வேலை பாக்கற கட்டடத்துலயே அக்காவுக்கு வீடு கிடைச்சதுன்னு சொன்னேன்ல? இந்த ஊர்ல ஒரு சட்டம். புதுசா அடுக்குமாடி கட்டுறவங்க, அதுல கொஞ்சம் வீட்டை நம்மள மாதிரி ஆளுங்களுக்கு குறைஞ்ச வாடகைக்கு ஒதுக்கியே ஆகணும். அதுவும் விக்கற வீடு மாதிரியே இருக்கணும், மட்டமா இருக்கக்கூடாது. எங்க கட்டடத்துல அப்படி ஆறு வீடு, எல்லாமே தரைத்தளம். அக்காவுது முதல் வீடு.

அந்த ஆறு வீட்டுக்கும் சமையல் மேடை போட்டது நான்தான். பலகை மேடை. தண்ணி பட்டா ஒரே மாசத்துல ஊதிக்கும். மேல விக்கற வீட்டுக்கெல்லாம் கருப்பு கிரானைட்டு. அக்கா வேற தினம் போன் பண்ணி "மேடை எப்படிடா இருக்கு?"ங்கறா. "இருக்கு"ன்னு சொல்லிட்டு வச்சிடுவேன்.

போன வாரம், அரசாங்கத்துலருந்து ஆபீசரம்மா பாக்க வர்றாங்கன்னு சேதி. எங்க மேனேஜரை நாங்க வெள்ளைத்தொப்பின்னுதான் சொல்லுவோம். சாப்பிடும்போதும் ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டாரு. அவரு என்னைத் தனியா கூப்பிட்டாரு.

"மாடி வீட்டுக்கு வந்த கல்லு ஒண்ணு சும்மா கிடக்கில்ல? அதைக் கீழ முதல் வீட்டுல வை. அந்தம்மா ஒரு வீட்டைத்தான் பாப்பாங்க. போனதும் எடுத்து மேல மாட்டிடு."

"ஒட்டணுமா சார்?"

"ரெண்டு பொட்டு பசை போதும். ஆனா கை வச்சா ஆடக்கூடாது."

முதல் வீடும்மா! நான் கதவைச் சாத்திக்கிட்டேன். ரெண்டு பொட்டு வச்சேன். அப்புறம் ஆடிடக்கூடாதேன்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நாலு டியூப் காலி.

ஆபீசரம்மா வந்தாங்க. கல்லு மேல முழுசா சாஞ்சு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. "நல்லாருக்கே. ஆறு வீடும் இப்படித்தானா?"

"அச்சு அசல் மேடம்"னாரு வெள்ளைத்தொப்பி. அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க.

அவங்க கார் கிளம்புனதும் கல்லை எடுக்கப் போனோம். அவரே மூச்சைப் பிடிச்சு இழுத்தாரு. கல்லு அசையல, ஹெல்மெட்தான் கழண்டு உருண்டுச்சு. ஏன் கழட்ட மாட்டாருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு முடி இல்லம்மா.

"டேய், எவ்வளவுடா போட்ட?"

"ஆடக்கூடாதுன்னீங்களே சார்."

"உடைச்சு எடு!"

"உடைச்சா கல்லு மாடி வீட்டுக்கு ஆகாது சார். பலகையும் சேந்து பிஞ்சு, கீழயும் மேடை இருக்காது. நாளைக்கு சாவி குடுக்கணும்."

என்னையே முறைச்சாரு. அப்புறம் கல்லை அப்படியே விட்டுட்டு, உருண்ட ஹெல்மெட்டை எடுக்கப் போயிட்டாரு.

அக்கா குடி வந்ததும் ரகசியமா சொன்னேன். மெச்சிக்குவான்னு பாத்தா, "அப்போ மத்த அஞ்சு வீட்டுக்கு?"ங்கறா.

"பலகைதான்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"கல்லு ஒண்ணுதான்கா இருந்துச்சு! மெதுவா பேசு, வேலை போயிடும்."

"உன்னை எதுக்குடா நான் இழுக்கறேன்? டீ குடிக்க நாலு பேரைக் கூப்பிட்டா தப்பா?"

அஞ்சு வீடும் வந்துடுச்சு. ஒரு பாட்டி கல்லைத் தட்டிப் பாக்கறாங்க, ஒருத்தர் குனிஞ்சு அதுல முகம் பாக்கறாரு. அக்கா ஒண்ணும் தெரியாத மாதிரி, "உங்களுக்கு இன்னும் வரலையா? ஆறும் ஒண்ணுதான்னு மேனேஜர் ஆபீசரம்மாகிட்டயே சொன்னாராமே! அந்தம்மா எழுதியே வச்சிருக்காங்களாம், அவரையே கேளுங்க"ன்னா. டீ கப்போடயே அவரு ஆபீஸுக்குப் போயிட்டாங்கம்மா, அஞ்சு வீடும்!

இன்னைக்குக் காலையில வெள்ளைத்தொப்பி என்னைக் கூப்பிட்டாரு.

"அஞ்சு கல்லுக்கு ஆர்டர் குடுத்திருக்கேன். நீதான் மாட்டணும். முதல் வீட்டம்மா உனக்கு யாரு?"

"அக்கா சார்."

ஹெல்மெட்டை இறுக்கி மாட்டிக்கிட்டாரு. அப்புறம், "இனிமே யாரையும் டீக்குக் கூப்பிட வேண்டாம்னு சொல்லு"ன்னாரு.

கல்லு திங்கக்கிழமை வருது. அதுவரைக்கும் எனக்கு வேலை நிச்சயம். அக்கா இப்பவே வீடு வீடாப் போய், கல்லு மாட்டும்போது குழாய் எந்தப் பக்கம் வேணும்னு கேட்டுட்டு இருக்கா.