படித்த எலி

பகலில் தோளில் கருவிப் பையோடு மெக்கானிக் தெருவில் இறங்கினால், பார்க்கிறவர்களுக்கு மனுஷனுக்கு வேலை குவிந்து கிடக்கிறது என்றுதான் தோன்றும். தோன்ற வேண்டும் என்பதுதான் அவர் விருப்பமும்.

உண்மை வேறு. ஆள் இல்லாத குரல்கள் காதுக்குள் கேட்க ஆரம்பித்ததும் கடையை மூடியவர், கதவையும் மூடிக்கொண்டு வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தார். மாத்திரையில் குரல்கள் அடங்கின; கூடவே வீடும் அடங்கிப்போனது. அக்கா மட்டும் அவ்வப்போது வந்து, சமைத்து வைத்து, திட்டிவிட்டுப் போவாள். அவள்தான் மூலைத்தெரு மையத்தைப் பற்றிச் சொன்னாள். மனநோயோடு தனியாக இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் போய் உட்காரலாம். டீ உண்டு, கேரம் உண்டு, ஏன் வந்தாய் என்ற கேள்வி மட்டும் கிடையாது.

உள்ளேதான் கிடையாது. எதிரே தையற்கடை இருக்கிறதே! தையற்காரம்மாவுக்குத் துணியில் ஒரு கண், தெருவில் ஒரு கண். மூன்றாவது இருந்திருந்தால் அதையும் தெருவுக்கே கொடுத்திருப்பாள். ‘அந்த இடத்துக்குப் போறவன்’ என்று அவள் வாயில் விழ மெக்கானிக் தயாராக இல்லை. அதனால் முதல் நாளே பையை மாட்டிக்கொண்டு, ரிப்பேருக்கு வந்தவர் போலப் படியேறினார்.

சாக்கு நன்றாகத்தான் ஓடியது. மின்விசிறி, அழைப்பு மணி, கெட்டில் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். கையோடு கேரம் ஆடினார், நாலு வார்த்தை பேசினார், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். உட்கார்ந்த கிளையையே வெட்டிய கதையாக, ஒரு நாள் சரிசெய்ய ஒன்றுமே மிச்சமில்லை. “எல்லாம் முடிஞ்சுது, இனிமே வர வேலை இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஃபோன். மையத்துக்கு வருகிற டீச்சர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போலப் பேசுகிறவர். “ரேடியோ பாடல. வாங்க.”

போய்ப் பார்த்தால், ரேடியோ வயர் நடுவில் நறுக்கென்று இரண்டாகக் கிடந்தது.

“எலி,” என்றார் டீச்சர்.

“இவ்ளோ நேராவா கடிக்கும்?”

“படிச்ச எலி,” என்றார் முன்னாள் தபால்காரர், கேரம் பலகையிலிருந்து தலை தூக்காமல்.

அந்த நேரம் பார்த்தா தையற்காரம்மா வாசலில் வந்து நிற்க வேண்டும்? “டீச்சரம்மா, நேத்து எங்கிட்ட வாங்கிட்டுப் போன கத்தரிக்கோலக் குடுங்க. ஒரு சட்டை பாதியில நிக்குது.”

டீச்சர் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கத்தரிக்கோலை நீட்டினார். மெக்கானிக் அறுந்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். தன்னை வரவழைக்க ஒரு ரேடியோவின் கழுத்தையே அறுத்திருக்கிறார்கள்.

“என்னண்ணே, இன்னைக்கு ரேடியோவா? பெரிய வேலையோ?” தையற்காரம்மா கேட்டாள்.

ஆமாம் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. டீச்சர் எதிரில் இருக்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“வேலை ஒண்ணும் இல்லம்மா. நான் இங்க வரவன். இவங்கள மாதிரிதான். எனக்கும் மனசு சரியில்லாம இருந்துச்சு.”

“அதுதான் தெருவுக்கே தெரியுமே. ரிப்பேருக்கு வந்த ஆளு கேரம்ல தோத்துட்டு முணுமுணுத்துக்கிட்டா போவான்?”

“தோத்தது நெசம்,” என்றார் தபால்காரர்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் யாரிடமிருந்து ஒளித்தாரோ, அவளே இதைப் பழைய செய்தியாக மடித்து ஓரமாக வைத்துவிட்டாள்.

“அது கெடக்கட்டும். எங்க கடை அயர்ன் பாக்ஸ் சூடாகல. வந்து பாக்குறீங்களா?”

“பாக்குறேன். ஒரு ஆட்டம் முடியட்டும்.”

“எப்ப முடியும்?”

“நான் ஜெயிச்சதும்.”

“அதுக்குப் புதுசே வாங்கிடலாம்,” என்றவள் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சட்டைக்காரர் அன்று சாயங்காலம்வரை தையற்கடை வாசலில் நின்றாராம்.