கண்ணாடித் தலையும் சுரங்கத்து உடலும்

கீழ்வானில் செம்மை படர்ந்து, இரவெல்லாம் கண்துஞ்சாத பெங்களூரு மாநகரின் தென்கோடியில் ஒரு வியாழக்கிழமை புலர்ந்துகொண்டிருந்தது. நெடிய தூண்கள் தாங்கிய மேம்பாலச் சாலையில் மகிழுந்துகள் ஒன்றையொன்று உராயாத குறையாக நெருங்கி நிற்க, அதன் நிழலில் நகரப் பேருந்துகள் முனகியபடி ஊர்ந்து செல்ல, இரவுப் பணி முடித்துக் கண்சிவந்த இளையோரும் பகற்பணிக்கு விரையும் இளையோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே எதிரெதிர் கடந்துகொண்டிருந்தனர். கண்ணாடிச் சுவர் போர்த்திய மாளிகைகள் மலிந்த அவ்விடத்தை மின்னணு நகரம் என்று செந்தமிழில் எழுதிவிடுதல் எளிது, ஆயினும் அப்பெயரைச் சொல்லி ஆட்டோ எனப்படும் எந்தத் தானியில் ஏறினாலும் ஓட்டுநர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார் என்பதால், ஊரார் நாவில் பழகிய எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் பெயரையே நாமும் வழங்குவோம், தமிழன்னை பொறுத்தருள்வாள். அதனையும் கடந்து ஓசூர் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், புகைபோக்கிகளும் தகரக் கூரைகளும் இரும்பை இரும்பு அறையும் ஓசையும் நிறைந்த பொம்மசந்திரா வரும். கற்றறிந்த வாசகரே, நம் கதை அங்கே, இரண்டு தொழிற்கூடங்களுக்கு இடையில் ஒடுங்கி நின்ற ஒரு கொட்டகையில் நிகழ்ந்தது.

அக்கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தவள் உதயா என்னும் சிற்பி. கோலார் தங்கவயலில் பிறந்தவள். அவளுடைய முன்னோர் வடார்க்காட்டிலிருந்து பஞ்சம் துரத்த வந்து, மண்ணுக்குக் கீழே பிறர்க்குப் பொன்னையும் மண்ணுக்கு மேலே தமக்குக் கஞ்சியையும் தேடி வாழ்ந்தவர்கள். சுரங்கம் மூடப்பட்டபின் அவள் அண்ணன் ஜெயராமன் பொம்மசந்திராவில் வேலை தேடிக்கொள்ள, தாயை இழந்திருந்த தங்கையும் உடன் வந்தாள். அண்ணன் மனைவி தனலட்சுமி அதே வடார்க்காட்டின் குடியாத்தத்துப் பக்கத்துப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் மகளிர் விடுதி ஒன்றில் அடுப்படியை ஆள்பவள். நாத்தனாரை நுண்கலைக் கல்லூரிக்கு அனுப்பியே தீருவேன் என்று கணவனோடு வாதாடி வென்றவளும் அவளே. நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையும் என்று உலகம் சொல்லும்; அவ்வீட்டில் அவ்விருவரும் ஒரு கட்சி, ஜெயராமன் எதிர்க்கட்சி.

தந்தையின் ஆணைக்கு அடங்கித் தாயை வெட்டிய மகனின் பழங்கதையை நீங்கள் அறிவீர்கள். வடார்க்காட்டார் அதனைச் சொல்லும் முறை சற்றே வேறு. உயிருக்கு அஞ்சி ஓடிய முனிவரின் மனைவி ஊருக்குப் புறத்தேயிருந்த சேரியில் புகுந்தாளாம். அங்கே ஒருத்தி அவளைக் கட்டியணைத்துக் காக்க முயன்றாளாம். மகனின் மழு இருவரையும் ஒருசேர வீழ்த்தியதாம். பின்னர் தாயை உயிர்ப்பிக்கும் வரம் பெற்று ஓடிவந்த மகன், பதற்றத்தில் தாயின் தலையை அச்சேரிப் பெண்ணின் உடலில் பொருத்திவிட, அவ்வாறு எழுந்தவளே மாரியம்மன் என்பர். இன்றும் அப்பக்கத்துத் திருவிழாக்களில் அம்மனின் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலில் ஏற்றுவது வழக்கம். மாலையும் அத்தலைக்கே, ஊரார் கண்ணீரும் அத்தலைக்கே. உதயாவை இளமை முதல் உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. தலை முனிவர் மனைவியுடையது, சரி. அடைக்கலம் தந்து உயிரையும் தந்தாளே, அந்த உடலுக்கு உரியவள் யார்? அவள் பெயர் என்ன? அவள் கேட்டவரெல்லாம் கையை விரித்தனரே அன்றி, விடை சொன்னார் இலர்.

அக்கேள்வியையே அவள் சிலையாக்கினாள். துளையிடும் இரும்புக் கோல்களை எலும்பாக நிறுத்தி, தங்கவயலின் வெண்கற்களைத் தோளும் இடுப்புமாக அடுக்கி, சுரங்கத்துப் பழைய பித்தளை விளக்கொன்றை நெஞ்சில் பதித்து, பச்சையும் நீலமுமான புட்டிகளை உருக்கி நரம்புகளாக இழைத்து, தனலட்சுமியின் கிழிந்த வேலைச் சேலைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கி உடுத்தி, ஓர் உழைப்பாளியின் உடலைச் சமைத்தாள். தலையை மட்டும் களங்கமற்ற கண்ணாடியில் வார்த்தாள். அல்சூர் ஏரியின் அருகேயுள்ள ஒரு காட்சிக்கூடத்தின் பொறுப்பாளரான அதிதி, வேலை நடக்கும்போதே வந்து பார்த்து வியந்து, நடுக்கூடத்தையே அதற்கென ஒதுக்கியிருந்தாள். விடுதிகளின் வரவேற்பறைக்குக் கண்ணாடிப் பூக்களும் செல்வர் வீட்டு விளக்குகளுக்குக் கூடுகளும் செய்தே இளமையைக் கழித்தவளுக்கு, தன் பெயரால் தன் மக்களின் கதை நகரத்தின் நடுவே நிற்கும் முதல் வாய்ப்பு அது. திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் கண்ணெழுதி, அவ்வண்ணம் கண்ணாடியோடு ஒன்றுமாறு மீண்டும் உலையிலிட்டு ஆறவைக்கும் வேலை ஒன்றே எஞ்சியிருந்தது.

கண்ணாடி முன்கோபக்காரரைப் போன்றது. சூடேறியபின் தானாக ஆறவேண்டும், ஆற்றப் போனால் வெடிக்கும். ஆகவே பல நாட்களாக உலையின் வெம்மையைப் படிப்படியாகத் தாழ்த்தி வந்த உதயா, அவ்வியாழன் காலையில் உலைக்கதவைச் சாண் அளவு திறந்து, எஞ்சிய சூடு மெல்ல வெளியேறட்டும் என்று விட்டாள். கண்ணெழுதிய தலை உள்ளே நிமிர்ந்து நின்றது. அவள் உள்ளத்தில் மகிழ்ச்சி பொங்கியது. வீட்டிலிருந்த அண்ணியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, கண்ணு தொறந்தாச்சு. சாயங்காலம் வெளிய எடுக்கறேன். மொத பூச நீங்கதான் போடணும்."

அன்புடன் அழைத்தாள், அழைப்பின் விளைவை எண்ணிப் பார்த்தாள் இல்லை. விடுதியில் நண்பகல் சமையலை முடித்துவிட்டு, மாலைவரை பொறுக்க மாட்டாதவளாய், தலைமுழுகிய ஈரக்கூந்தலோடு தனலட்சுமி செம்பு நிறைய மஞ்சள்நீரும் வேப்பிலையும் ஏந்திக் கொட்டகைக்கு வந்தாள். உதயா அங்கில்லை, சிலைக்குரிய இரும்புப் பீடத்தைப் பற்றவைத்து வாங்குவதற்காக அடுத்த தெருவுக்குச் சென்றிருந்தாள். உலைக்கதவின் இடுக்கில் நோக்கிய தனலட்சுமியின் முகத்தில் முதலில் அனல் அறைந்தது. பின்னர், அந்த அனலுக்குள்ளிருந்து இரண்டு கரிய விழிகள் அவளையே பார்த்தன.

குடியாத்தத்துப் பெண் அவ்வேளையில் என் செய்வாள்? கண்திறந்த அம்மன் சீற்றத்தோடு நிற்பாள், அவளைக் காயவிடலாகாது, மஞ்சள்நீர் வார்த்துக் குளிரப்பண்ணிய பின்னரே மற்றவை எல்லாம். இது அவளுக்கு யாரும் கற்பித்த பாடம் அன்று, பசித்த குழந்தைக்குச் சோறூட்டுவது போன்ற பழக்கம். அதனினும் மேலாக, நாள்தோறும் பேரடுப்புகளின் முன் வெந்து நின்று, ஒரு குவளை தண்ணீர் தருவார் உண்டோ என்று ஏங்கியவள் அவள். இத்துணை வெம்மையில் ஒருத்தி வாய்திறவாமல் நிற்கிறாளே என்று அவள் நெஞ்சம் உருகியது. கதவை அகலத் திறந்தாள், செம்பைச் சாய்த்தாள். நகத்தைச் சொடுக்கினாற்போல் ஓர் ஓசை எழுந்தது. உச்சியில் தொடங்கிய கீறல் இடக்கன்னம் வழியே மோவாய்வரை ஓடியது. தலை மூன்றாகப் பிளந்து சரிந்தது.

உதயா திரும்பி வந்தபோது அண்ணி தரையில் அமர்ந்திருந்தாள். வேப்பிலை கண்ணாடித் துண்டுகளில் ஒட்டிக்கிடந்தது.

"நான்தான் ஊத்துனேன், உதயா. சூட்டுலயே நிக்கறாளேன்னு..." என்றாள் தனலட்சுமி.

"தானா ஆறணும்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்? உங்க ஊரு மூடப்பழக்கத்தையெல்லாம் எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?"

தனலட்சுமி எழுந்து, செம்பை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். வெயிலில் நடந்து செல்லும் அவள் முதுகையே பார்த்து நின்ற உதயாவின் சினம், ஈதென்ன கொடுமை, அவள் தெருமுனை திரும்புமுன்பே வற்றிவிட்டது. உங்கள் ஊர் என்றோமே, அந்த ஊரின் கதையைத்தானே இத்தனை காலமும் செதுக்கினோம்? அந்த ஊர் கைச்செம்போடு நேரில் வந்தபோது வெளியே போ என்னாத குறையாகப் பேசினோமே! சொல்லிய சொல் உடைந்த கண்ணாடியைவிட அவளைக் கூர்மையாகக் கிழித்தது. மீண்டும் ஒரு தலை வார்க்க வேண்டுமானால் பல வாரங்கள் வேண்டும். கையில் இருந்ததோ சில நாட்கள்.

மறுநாள் செய்தியறிந்து அதிதி வந்தாள். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவள், இந்நகரத்தார் பலரைப் போலவே, தமிழும் ஆங்கிலமும் விரவிப் பேசுபவள். உதயாவின்மீது மெய்யான பரிவும் உடையவள். மூன்று துண்டுகளையும் ஒளியில் ஏந்திப் பார்த்தபோது அவள் முகம் மலர்ந்தது.

"உதயா, கவலப்படாத. ஹெட் மட்டும் வைக்கலாம். கருப்புத் துணி மேல மூணு பீஸ், மேல ஒரு லைட். உடைஞ்சதுதான் இன்னும் அழகா இருக்கு. பாடி வேண்டாம், விட்டுடு. நடு ஹால் உனக்குத்தான்."

உதயாவின் மனம் ஒரு நொடி இசைந்தது என்று எழுதினால் அது பொய். நெடுநேரம் இசைந்தே இருந்தது. நடுக்கூடமும், தன் பெயரும், திரளாக வரும் நகரத்துப் பெருமக்களும் அவள் கண்முன் நின்றனர். பிறகு கொட்டகையின் மூலையில், தலையின்றி, இரும்புக் கோல்கள் கழுத்தில் நீட்டிக்கொண்டிருக்க நின்ற அந்த உடலைப் பார்த்தாள். தலையை எடுத்துப் போற்று, உடலை விட்டுவிடு. காலங்காலமாக ஊர் செய்ததும் அதுதானே. அன்றைய மகனாவது பதற்றத்தில் பிழை செய்தான். நாமோ இன்று பகல் வெளிச்சத்தில், தெரிந்தே அதனைச் செய்யப்போகிறோமே என்று எண்ணினாள்.

"தல வேணாம், அதிதி. உடம்ப வெக்கறேன்."

"தலை இல்லாத சிலைய நடு ஹால்ல வச்சா, ஃபினிஷ் பண்ணலன்னு சொல்வாங்க. நான் ட்ரஸ்டிகளுக்குப் பதில் சொல்லணும். படிக்கட்டு பக்கம்தான் எடம் தர முடியும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சிட்டேன்" என்றாள் உதயா. அதிதி பெருமூச்செறிந்து சென்றாள். அவளைக் குறைசொல்ல நமக்கு நா எழவில்லை.

முந்திய இரவைக் கொட்டகையிலேயே கழித்த உதயா, அன்று மாலைதான் வீட்டுக்குச் சென்றாள். நிகழ்ந்ததைக் கணவனிடம் சொல்லாமலும், முந்திய நாள் முதல் உண்ணாமலும், தனலட்சுமி அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண்ணீருக்கு வெங்காயத்தைவிட நல்ல மறைப்பு வேறென்ன?

"அண்ணி, நான் சொன்னது தப்பு."

"தப்பு பண்ணது நானு. நீ எதுக்கு..."

"கண்ணாடி இன்னொண்ணு வார்த்துக்கலாம். உங்க ஊருன்னு பிரிச்சுப் பேசினேன் பாருங்க, அதத் திருப்பி எடுக்க முடியல. எனக்கும் அதானே ஊரு? நீங்க ஊத்துனதுதான் மொறை. பூசைக்குக் கூப்புட்டவ நானு, இருந்து பாத்துக்காதவளும் நானு."

தனலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். "மொதல்ல சாப்புடு" என்றாள். பெருங்காப்பியங்கள் பல பாடல்களில் உரைக்கும் மன்னிப்பை, நம் வீட்டுப் பெண்கள் அவ்விரு சொற்களில் முடித்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காட்சிக்கூடத்தின் படிக்கட்டருகே, மக்கள் காலணி ஓசையோடு ஏறியிறங்கும் இடத்தில், அச்சிலை நின்றது. நடுக்கூடத்தை வேறொருவரின் வண்ணத்திரைகள் நிறைத்திருந்தன. வந்தோரிற் பலர் நில்லாமல் கடந்தனர். சிலர் நின்று, தலை எங்கே என்று வினவினர். ஒருவர் இன்னும் வேலை முடியவில்லை போலும் என்று தம் நண்பரிடம் மெல்லச் சொன்னது உதயாவின் செவியிலும் விழுந்தது. அவளுக்கு வலிக்கவில்லை என்று நாம் பொய்யுரையோம், நன்றாகவே வலித்தது.

அந்நேரத்தில் ஜெயராமனும், பட்டுச்சேலை உடுத்திய தனலட்சுமியும் வந்தனர். ஜெயராமன் சுவரிலிருந்த பெயர்ப்பலகையைக் குனிந்து உரக்கப் படித்தான்: "செய்தோர், உதயா, தனலட்சுமி."

தனலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா வேல உதயா இது? ஒடச்சவ பேரப் போயி யாராவது எழுதுவாங்களா?"

"தலைய எடுத்தது நீங்கதானே அண்ணி. அது இருந்திருந்தா எல்லாரும் அதையேதான் பாத்துட்டுப் போயிருப்பாங்க. நானுந்தான். எனக்கு அதை எடுக்கற தைரியம் வந்திருக்காது."

தனலட்சுமி சிலையின் பக்கம் திரும்பினாள். பழக்கத்தால் கைகள் குவிந்தன. பழக்கத்தாலேயே விழிகள் முகத்தைத் தேடி மேலே சென்றன. அங்கே முகம் இல்லை. செல்லுமிடம் அறியாத அவ்விழிகள் மெல்லக் கீழிறங்கி, சுமந்து சுமந்து சரிந்த வெண்கல் தோளிலும், ஒருத்தியை வாரியணைக்க நீண்டு அப்படியே நின்றுவிட்ட கைகளிலும், தன் சேலை சுற்றிய இடுப்பிலும், வெடித்த பாதங்களிலும் தங்கித் தங்கிச் சென்றன. ஏறுவோரும் இறங்குவோரும் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தனர்.

"இத்தினி வருசமா ஒன்னப் பாக்காமயேதான் கும்புட்டிருக்கேன், தாயி" என்றாள் அவள், தலையில்லாத அவ்வுடலிடம்.

நடுக்கூடத்தில் விளக்குகள் ஒளிர்ந்தன. யாருக்கோ கைதட்டல் எழுந்து அடங்கியது. உதயா அப்பக்கம் திரும்பவில்லை. தலைக்கு மாலை சூட்டுவார் இவ்வுலகில் எந்நாளும் பலர். அத்தலையைத் தாங்கி நின்ற தோளை நின்று நோக்குவார் மிகச் சிலர். அன்று அப்படிக்கட்டின் ஓரத்தில் ஒருத்தி நின்று நோக்கினாள். அது போதும் என்று உதயாவுக்குத் தோன்றியது. நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது.