நானூற்றைம்பது வாட்

எழிலரசியும் கலையரசனும் சேர்ந்துதான் வேங்கிக்காலில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தினார்கள். கேமரா அவன், எடிட்டிங் அவள். எடிட்டிங் கம்ப்யூட்டரை எழிலரசி பாகம் பாகமாகத் தன் கையாலேயே பூட்டியிருந்தாள். பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டினாள். வேகம் ஏறினால் கரெண்டும் ஜாஸ்தி இழுக்கும் என்பதால், சென்னைக்குப் போய் எண்ணூற்றைம்பது வாட் பவர் சப்ளை ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினாள். அதன் பக்கவாட்டில் ஆணியால் ‘எ’ என்று கீறியும் வைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை.

பிறகு கலையரசன் தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொன்னான். சண்டை எதுவும் இல்லை. கேமராக்கள் அவனுக்கு, கம்ப்யூட்டர் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அவள் போளூர் ரோட்டில் சின்னதாக ஒரு கடை பார்த்தாள். சாமான் மாற்ற அவனே வேன் கொண்டுவந்தான். கம்ப்யூட்டரை மட்டும் தன் வீட்டில் இறக்கி வைத்திருந்து, மறுநாள் கொண்டுவந்து கொடுத்தான்.

புதுக் கடையில் அது படுத்த ஆரம்பித்தது. சும்மா இருந்தால் ஒழுங்காக ஓடும். எடிட் செய்த வீடியோவை வெளியே எடுக்கும்போது, பிராசஸர் முழு மூச்சாக வேலை செய்யும் நேரம் பார்த்து, டப்பென்று அணைந்துவிடும். சூடுதான் காரணம் என்று நினைத்து ஃபேனை மாற்றினாள். பயனில்லை. வேகத்தைக் குறைத்தால் ஓடியது, ஏற்றினால் நின்றது. கலையரசனுக்கு போன் போட்டாள்.

“நீ ஏத்தி வெச்ச ஸ்பீடுதான். நான் அப்பவே சொன்னேன்ல,” என்றான்.

அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் வேகத்தைக் குறைத்தே ஓட்டினாள். அப்படியும் ஒரு மதியம் அது அணைந்தது. திரும்பப் போட்டபோது உள்ளே இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்கும் எழவில்லை. அவர்கள் கடைசியாகச் சேர்ந்து எடுத்த, கவிநிலா என்ற பெண்ணின் கல்யாணம் அதில்தான் இருந்தது. கேமரா கார்டுகளைக் கலையரசன் எப்போதோ அழித்துவிட்டிருந்தான். டிஸ்குகளைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தாள். ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த அடுத்த மாசமே கவிநிலாவின் அப்பா பலராமன் மாரடைப்பில் இறந்திருந்தார். விஷயத்தைச் சொல்ல எழிலரசி அடி அண்ணாமலையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். கவிநிலா திட்டவில்லை.

“போட்டோ இருக்குதுக்கா. குரல்தான் எங்கியும் இல்ல. அவரு மைக் புடிச்சு ஏதோ பேசினாரே, அதாவது இருக்குமா?”

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊருக்குள் கலையரசன் விதவிதமாகப் பேசினான். மெஷினை அளவுக்கு மீறி விரட்டினாள், ஒரு குடும்பத்தின் கல்யாணத்தையே எரித்துவிட்டாள் என்றான். போட்டோகிராபர்கள் அவளை ‘ஓவர் ஸ்பீடு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேலை வருவது நின்றது.

கடைசியில் கம்ப்யூட்டரைப் பிரித்து விற்றுவிடலாம் என்று எழிலரசி ஒரு நாள் அடித்தகட்டைக் கழற்றினாள். அங்கே இருந்த பவர் சப்ளையும் அதே மாதிரி கறுப்பு நிறப் பெட்டிதான். ஆனால் அதன் மேல் நானூற்றைம்பது வாட் என்று ஒட்டியிருந்தது. பெயர் தெரியாத கம்பெனி. ‘எ’ இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது கொடுத்த கரெண்டு அந்த வேகத்துக்கு எப்படிப் போதும்? போதாமல் போதாமல் அணைந்து, தானும் கெட்டு, டிஸ்குகளையும் கொன்றிருக்கிறது. கம்ப்யூட்டர் ஒரே ஒரு ராத்திரிதான் அவள் கண்ணை விட்டுப் போனது. அது யார் வீட்டில் இருந்தது என்றும் அவளுக்குத் தெரியும். அழுகை வரவில்லை. அவனுக்கு போன் போடவும் இல்லை. நாலு பேர் முன்னால் பேசினவனை நாலு பேர் முன்னால்தான் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

வீடியோகாரர்கள் சங்கக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தன் புது கம்ப்யூட்டரில் வேகமாக எடிட் செய்வது எப்படி என்று கலையரசன் மேடையில் காட்டிக்கொண்டிருந்தான். “நானும் ஸ்பீடு ஏத்திதான் ஓட்டறேன். அதுக்கு விஷயம் தெரியணும்,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எழிலரசி கவிநிலாவைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறினாள். துணிப்பையிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“கலை, இத உன் மெஷின்ல மாட்டு. இதே ஸ்பீடுல ஓட்டிக் காட்டு.”

அவன் பெட்டியைப் பார்த்தான். முகம் மாறியது. “இது எதுக்கு இப்ப?”

“ஸ்பீடு ஏத்தினதாலதான் என் டிஸ்க் போச்சுன்னியே. பவர் சப்ளையில என்ன இருக்குது? மாட்டு.”

சங்கத் தலைவர் சின்னசாமி முன்வரிசையிலிருந்து, “மாட்டித்தான் காட்டேன்ப்பா, எங்களுக்கும் தெரியட்டும்,” என்றார்.

“வேணாங்க. உள்ள ரெண்டு கல்யாணம் இருக்குது. டிஸ்க் போயிடும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

“போயிடும்னு உனக்குத் தெரியும்,” என்றாள் எழிலரசி. “நான் போன் பண்ணப்பவும் தெரியும்.”

அவள் மேஜை மேலிருந்த அவன் ஸ்க்ரூ டிரைவரையே எடுத்தாள். கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, வயர்களை ஒவ்வொன்றாக உருவினாள். அவன் தடுக்கவில்லை. எண்ணூற்றைம்பது வாட் பெட்டியை வெளியே எடுத்து, ‘எ’ என்று கீறியிருந்த பக்கம் கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். அவசரமே படவில்லை. அவன் முகம் வெளிறுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“எப்பவும் போல ஓடும்னு நெனச்சேன், எழில். இப்படி ஆவும்னு நெனைக்கல,” என்றான் மெல்ல.

“முதல் தடவ அணைஞ்சப்பவே சொல்லியிருந்தா இவங்க அப்பா குரல் இருந்திருக்கும்.”

அவள் தன் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

சங்கம் அவனை விலக்கியது. புக்கிங் கொடுத்தவர்கள் வேறு ஆள் பார்த்தார்கள். அவன் சின்னசாமியைத் தூது அனுப்பி மன்னிப்புக் கேட்டான்.

“எங்கிட்ட எதுக்குங்க? கவிநிலா வீட்டுக்குப் போவச் சொல்லுங்க,” என்று எழிலரசி சொல்லிவிட்டாள்.

அவன் போனான். அங்கே நடந்ததைக் கவிநிலாதான் பிறகு எழிலரசியிடம் சொன்னாள்.

கவிநிலாவின் அம்மா ஜோதியம்மாள் அவனை உள்ளே கூப்பிட்டு, மாலை போட்ட போட்டோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தாளாம்.

“மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி. அன்னிக்குக் கேமரா வழியா எல்லாத்தையும் பாத்தவன் நீதான். தாலி கட்டறப்ப அவரு எந்தப் பக்கம் நின்னாரு?”

அவன் யோசித்தான். “சரியா ஞாபகம் இல்லம்மா.”

“மைக்ல என்ன பேசினாரு? நான் பந்தியில இருந்தேன், கேக்கல.”

“கவனிக்கலம்மா. பொண்ணு மாப்பிள்ளய மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன்.”

அவன் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்தான். ஜோதியம்மாள் குரலை உயர்த்தவே இல்லையாம்.

“போயி யோசி. நாளைக்கு வா. அவரு பேசினது முழுசா ஞாபகம் வர்ற வரைக்கும் தெனம் வா.”

“வந்தானா?” என்று எழிலரசி கேட்டாள்.

“வந்தான்க்கா. நேத்தும் வந்தான். ஒண்ணும் சொல்ல முடியாம உக்காந்து அழுதுட்டுப் போனான். அம்மா விடறதா இல்ல.”

“விட வேணாம்னு சொல்லு,” என்றாள் எழிலரசி.