சாய்ந்த ஃப்ரேம்

குறும் ஆவணப்பட விருதின் கடைசிச் சுற்றுக்கு வந்த படங்களில் அவளுடையதும் ஒன்று. பக்கவாதத்தில் பேச்சை இழந்த அப்பாவின் கடைசி மாதங்களை எடுத்திருந்தாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் படம் வெளிவந்தது. அம்மா இன்னும் பார்க்கவில்லை. விழாவுக்கு மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

விருதை அறிவிக்கும் முன் ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு துண்டு திரையிடுவார்கள். எந்தத் துண்டு என்பதில் எடிட்டருக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். சொந்த மகளின் கல்யாண வீடியோவையே பாதியாக நறுக்கிய புண்ணியவான்.

"அப்பா கீழ விழுற ஷாட்தாம்மா. அதை விட்டா நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிறோம்."

விழாவில் திடீரென்று பார்த்து அம்மா இடிந்துபோகக் கூடாதே என்று வீட்டில் முன்கூட்டியே சொன்னாள். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவர் விழுந்தப்ப நீ எங்க இருந்தே?"

"கேமராவுக்குப் பின்னாடி."

"உடனே ஓடினியா?"

அம்மா கீழே வைத்த துணியை மகள் எடுத்து மடிக்கத் தொடங்கினாள். உடனே ஓடவில்லை. ஷாட் நன்றாக வருகிறது என்று ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணம்தான் அவளை இன்றுவரை அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

"சட்டை போடாம வாசலுக்குக்கூட வராத மனுஷன்டி" என்றாள் அம்மா. "எனக்கு முதல்ல முழுசாக் காட்டு. வெட்டாம காட்டு. அப்புறம் வரதா வேண்டாமான்னு சொல்றேன்."

மறுநாள் எடிட்டிங் அறையில் கத்திரி தன் நாற்காலியையே அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். திரையில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கால் மடங்கி விழுந்தார். அம்மாவின் கை சேலைத் தலைப்பை இறுக்கியது. பிறகு மகள் ஓடினாள். ஓடிய வேகத்தில் அவள் கால் கேமரா ஸ்டாண்டில் இடித்து, படம் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"இதுக்கு மேல வேஸ்ட்மா. ஃப்ரேம் போச்சு" என்று கத்திரி நிறுத்தப் போனார்.

"இருப்பா."

சாய்ந்த படத்தில் மகள் அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலைத் தடவிக்கொண்டே அழுதாள். அப்பா இடது கையை நீட்டி நீட்டிக் கேமராவைக் காட்டினார்.

"அணைச்சிடுன்னு சொல்றார்மா" என்றாள் மகள். "அதுக்கப்புறம் நான் எடுக்கவே இல்லை."

"பேசாம பாரு."

திரையில் மகள் எழுந்து வந்து ஸ்டாண்டைப் பிடித்து நிமிர்த்தினாள். படம் நேரானது. அதற்குப் பிறகுதான், அவள் முதுகுக்குப் பின்னால், அப்பாவின் கை கீழே இறங்கியது. அப்பாடா என்று பின்னால் சாய்ந்துகொண்டார். அடுத்த நொடி அவள் கேமராவை அணைத்திருந்தாள்.

"கேமரா விழப்போகுது, பிடின்னு சொல்லியிருக்கார்டி" என்றாள் அம்மா. "தான் விழுந்ததை விட்டுட்டு."

மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினாள். கத்திரி வெளியே போய் நின்றார்.

விழாவில் அந்தச் சாய்ந்த துண்டுதான் ஓடியது. ஆபரேட்டர் சொதப்பிவிட்டார் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். இருட்டில் அம்மா மகளின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நீ நின்னது தப்புதான்" என்றாள் மெதுவாக. "அதை நான் மறக்க மாட்டேன். ஆனா அவர் கோவிச்சுக்கல."

விருது வேறு படத்துக்குப் போனது. அரங்கமே எழுந்து கைதட்டியது. இவர்கள் இருவர் மட்டும் தட்டவில்லை. அம்மா இன்னும் கையை விடவில்லை.