திங்கட்கிழமை பெஞ்சு

சனிக்கிழமை காலை தென்காசியில் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தக் குளிரிலும் ஆறாம் வகுப்பு அபிக்கு உள்ளங்கை வேர்த்தது. வேர்க்காமல் என்ன செய்யும்? அப்பா மாடக்கண்ணு ஏட்டையா காக்கி உடுப்போடு வகுப்புக்கே வந்து, குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறாரே!

"இந்தத் தடவையும் கணக்குல மக்குன்னு தெரிஞ்சுதோ, ராயகிரில சித்தப்பா வீட்டுல கொண்டு விட்டிருவேன். அங்கன உள்ள பள்ளிக்கூடத்துல படிச்சுக்கோட்டி" என்று வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தார். ஏட்டையா சொன்னால் சொன்னதுதான்.

அது மிஷன் பள்ளிக்கூடம். அங்கே ஜெபசெல்வி டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரே ஒரு கேள்வி, துண்டுச் சீட்டில் பதில். மார்க்கும் கிடையாது, ரேங்கும் கிடையாது. யாருக்குப் புரியவில்லை என்று பார்த்து, திங்கட்கிழமை அவர்களை முன் பெஞ்சில் உட்கார வைத்து மறுபடி சொல்லிக்கொடுப்பார். நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளைகளுக்கோ அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் மானமே போய்விடும். அபி அதில் கிட்டத்தட்ட குடியிருந்தாள்.

நேற்றைய கேள்வி இதுதான்: ஒரு பழத்தில் ஆறில் ஒரு பங்கு பெரிதா, எட்டில் ஒரு பங்கு பெரிதா? 'ஆறில்' என்று அபி நினைத்து முடிப்பதற்குள் மணிமுத்துவின் சீட்டு பெஞ்சு பெஞ்சாக ஊர்வலம் வந்துவிட்டது. உள்ளதைப் பகிர்ந்து கொடுங்கள் என்று காலை ஜெபத்தில் சொன்னார்கள் அல்லவா, பயல் பதிலையே பகிர்ந்துவிட்டான்! வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன். அவன் எழுதினால் தப்பாகுமா? அபியும் 'எட்டில்' என்றே எழுதிக் கொடுத்தாள்.

இன்று பெற்றோர் கூட்டம். அதிலும் டீச்சர் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். எது வந்தது, எது வரவில்லை என்று பிள்ளைகளே எழுந்து சொல்ல வேண்டும்.

"எல்லாரும் எட்டுனு எழுதிருக்கிய. ஏன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் டீச்சர். சரியா தப்பா என்று முகத்தில் ஒரு குறி தெரிய வேண்டுமே, ம்ஹூம்!

மணிமுத்து எழுந்தான். "ஆற விட எட்டு பெருசுல்லா டீச்சர்."

பெற்றோர் சிலர் தலையாட்டினார்கள். மாடக்கண்ணு எல்லோரையும்விட பலமாக ஆட்டினார்.

"அபி, நீ சொல்லு."

அபி எழுந்தாள். எட்டு என்றால் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பித்துவிடலாம். மாற்றிச் சொல்லி அது தப்பாகிவிட்டால் ராயகிரிதான். ஆனால் வாய் நின்றால்தானே!

"டீச்சர், நான் எழுதுனது என் பதிலே இல்ல!"

டீச்சர் அவள் பக்கத்தில் வந்தார்.

"அப்போ உன் பதிலு என்ன?"

"ஆறுதான்! குத்தாலத்துல குளிச்சிட்டு அப்பா அன்னாசிப்பழம் வாங்குவாவ. நாங்க ஆறு பேரு மட்டும்னா பெரிய துண்டு கெடைக்கும். வடகரை அத்தை பிள்ளைய ரெண்டு பேரும் வந்தா அதே பழத்தை எட்டா வெட்டணும். துண்டு சிறுத்துப் போவும். எனக்கு அழுகையா வரும்!"

சிரிப்பில் வகுப்பே அதிர்ந்தது. ஜெபசெல்வி டீச்சர் ஓடிவந்து அபியைக் கட்டிக்கொண்டார். "அடி கள்ளி! இத்தன நாளா இத உள்ளுக்குள்ளயே வச்சிருந்தியா?" பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் பதில எல்லாரும் பாத்து எழுதுனா யாருக்கு என்ன புரியலன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? திங்கக்கிழம மொத்த வகுப்பும் பெஞ்சுலதான். அபி சொல்லிக்கொடுப்பா."

அபிக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா எழுந்தார்.

மாடக்கண்ணு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "டீச்சர், நானும் எட்டுன்னுதான் நெனச்சேன். திங்கக்கிழம எனக்கும் அந்த பெஞ்சுல ஒரு எடம் போட்டு வைங்க."

"அப்பா, அப்போ ராயகிரி?" என்றாள் அபி மெதுவாக.

"நீ அங்கன போயிட்டா எனக்கு யாருட்டி சொல்லிக்கொடுப்பா?"